யூதர் சந்தில் எட்டாவது நாள்

ஹாசல்ரீட் என்கிற மலையடிவாரக் கிராமத்தில் யூதர்கள் பதினோரு வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது சாய்ந்து மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கி, மூன்றாவது அடி விழுந்து நான்காவது அடி விழுவதற்குள், யூதர் சந்தில் மட்டும் ஒரு முழு நாள் வந்து போனது. கிணற்றடியில் தொடங்கி, தோல் பதனிடுகிறவனின் பழைய சுவரில் முடிகிற அந்தச் சந்துக்குள் கிழக்கு வெளுத்து, சேவல் கூவி, பனி உருகி ஓட்டிலிருந்து சொட்டி, நடுப்பகலாகி, வெயில் இறங்கி மறுபடி இருட்டியது. சந்துக்கு வெளியே கோயில்பிள்ளை மணிக்கயிற்றை இன்னொரு முறை இழுத்தான், அவ்வளவுதான்.

ஒட்டிலியாவுக்கு இது தெரிய வந்தது அவள் கணவனின் தாடியிலிருந்து. அவள் கணவன் வெண்டலின் கூரைக்கு ஓடு மாற்றுகிறவன், அதிகம் பேசாதவன். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் அந்தப் பதினோரு வீட்டு அடுப்புகளுக்கும் விறகு தள்ளி, அணையாமல் பார்த்துக்கொள்வது சனிக்கிழமைகளில் அவன் வேலையாக இருந்தது. அவனுக்கு முன்னால் அவன் அப்பாவின் வேலையாக இருந்தது. கூலியாகப் பின்னல் ரொட்டி ஒன்று வரும். அன்றைக்கு அவள் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது "கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் பீச்சுப் பால் வாளியில் விழுவதற்குள் திரும்பி வந்து நின்றான். காலையில் சவரம் செய்த கன்னத்தில் ஒரு நாள் தாடி இருந்தது. ஈரமாகப் போன பூட்ஸ் காய்ந்து வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே எப்போதும் தொங்குகிற கருவளையத்தைக் காணவில்லை.

"எங்கே போயிட்டு வந்தே?" என்றாள்.

"சந்துக்குத்தான். அங்கே விடிஞ்சுது. நாள் முடியறவரைக்கும் இருந்துட்டு வந்தேன்."

"இப்பத்தானே போனே?"

"உனக்கு இப்பத்தான்," என்றான் வெண்டலின்.

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். ஆனால் அந்த 'உனக்கு' அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பதினான்கு வருஷக் கல்யாணத்தில் ஒரே கம்பளியைப் போர்த்தியிருக்கிறார்கள், ஒரே காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள், பிறந்த ஈரம் காயுமுன் செத்த இரண்டு குழந்தைகளை ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு நேரம், அவனுக்கு ஒரு நேரம் என்று அதுவரை இருந்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் நாள் வந்தது, அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது. சந்துக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை. வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பார்ப்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் அந்த நாளில் துணி துவைத்துவிடலாம் என்றார்கள். மாட்டு வியாபாரி லேப் சந்தைக்குப் போகலாமே என்றான், பிறகு எந்தச் சந்தையும் அந்த நாளில் திறந்திருக்காது என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். கடைசியில் சந்துப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற மன்னஸ், மூன்று வாரம் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நாளுக்கு யாரும் நமக்குச் சட்டம் தரவில்லை. ஓய்வுநாளின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது, அதனால் ஓய்வாகவே வைத்துக்கொள்வோம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே அந்த நாளிலும் நெருப்பு மூட்டக்கூடாது என்றானது. ஆகவே அந்த நாளுக்குள்ளும் வெண்டலின் தேவைப்பட்டான்.

கிராமமும் அதிசயத்துக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. மூன்றாவது அடி விழுகிறபோது யார் சந்துக்குள் நிற்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் நாள் கிடைக்கும் என்று தெரிந்ததும், ஆலைக்காரன் வீட்டு வேலைக்காரி வந்து லேப்பின் வைக்கோல் பரணில் படுத்துப் பகல் முழுக்கத் தூங்கிவிட்டுப் போனாள். இருமல் கண்ட கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். அறுப்புக் காலத்தில் இடுப்பொடிந்த ஆண்கள் அரிவாளோடு வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டார்கள். முதலில் கதவைத் தட்டிக் கேட்டு வந்தார்கள், பிறகு கேட்காமல் வந்தார்கள், பிறகு சூப்பில் உப்பு குறைவு என்று சொன்னார்கள். பங்குச்சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், அந்த நாளில் செய்த பாவங்களையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாக வேண்டும் என்று தெளிவுபடுத்தினார். லேப்பின் மனைவி ரெஸ்லாவுக்கு மகள் பிறந்தபோது வெளியே கணக்குப் பார்த்த பெண்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் குறைவாக வந்தது. குறைமாதக் குழந்தைக்கு இவ்வளவு கொழுத்த கன்னமா என்று பேசிக்கொண்டார்கள். குழந்தைக்கு யெட்டா என்று பெயர் வைத்தார்கள்.

ஒட்டிலியா மட்டும் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு மணியை எண்ணுவாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு வராது. அந்த இடைவெளியில் எங்கோ பத்து வீடு தள்ளி அவள் கணவன் காலையில் எழுந்து, முகம் கழுவி, யாரோ கொடுத்ததைச் சாப்பிட்டு, யாரோடோ பேசி, வெயிலில் உட்கார்ந்து, ஒரு முழு நாளை வாழ்ந்து முடித்துக்கொண்டிருந்தான். நாலு. கதவு திறக்கும். அவன் மேல் சீரக வாசனை அடிக்கும். வேறொரு பெண்ணோடு போனான் என்றால் இவ்வளவு நேரம் போனான் என்று சொல்லலாம், தெருவில் நின்று திட்டலாம், தலைமுடியைப் பிடிக்கலாம். நேரமே ஆகவில்லை என்றால் என்னவென்று கேட்பது? அவனுடைய வாழ்க்கையில் அவள் இல்லாத நாட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. அவனைவிட நான்கு மாதம் மூத்தவளாகக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். மூன்றாவது வருஷம் அவன் அவளைவிட மூத்தவனாகிவிட்டான், அவளை விட்டுவிட்டு.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவள் சால்வையால் தலையை மூடிக்கொண்டு சந்துக்குள் போய், மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் நின்றாள். மூன்றாவது அடி விழுந்தது. விடிந்தது. திரும்பிப் பார்த்தால் சந்து முனைக்கு வெளியே அந்திநேரம் அப்படியே நின்றிருந்தது. கிணற்றடியில் ஒரு வண்டிக்குதிரை தூக்கிய காலோடு அசையாமல் நின்றது, வண்டிக்காரன் கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடவில்லை. சந்தை விட்டு வெளியே கால் வைக்கிறவனும் அப்படித்தான் நின்றுவிடுவான்.

வெண்டலின் வீடு வீடாகப் போய் அடுப்பு மூட்டுவதைப் பார்த்தாள். பதினோராவது வீடு ரெஸ்லாவுடையது. வேலை முடிந்ததும் அவன் அந்த வீட்டு வாசல் பெஞ்சில் லேப்பின் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்ன யெட்டா அவன் முழங்காலில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தது. கதவு நிலையில் சாய்ந்து நின்ற ரெஸ்லா, தன் புருஷன் தூக்கத்தில் மாட்டுக்கு விலை பேசுகிறதைப் பற்றி ஏதோ சொன்னாள். வெண்டலின் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பெரிதாகத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தான். மேல்வரிசையில் கடைவாய்ப் பக்கம் அவனுக்கு ஒரு பல் இல்லை.

அந்தப் பல் விழுந்தது ஒட்டிலியாவுக்குத் தெரியாது. அது தெரிகிற அளவுக்கு வீட்டில் அவன் வாயைத் திறந்ததே இல்லை. ரெஸ்லாவுக்குத் தெரிந்திருந்தது. லேப்புக்குத் தெரிந்திருந்தது. முழங்காலில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது, அது அந்த ஓட்டைக்குள் விரலை விடப் பார்த்தது.

"ஒட்டிலியா!" ரெஸ்லா அவளைப் பார்த்துவிட்டாள். "ஏன் அங்கே ஈரத்துல நிக்கறே? வா, வந்து உக்காரு. இவர் உன்னைக் கூட்டிட்டே வரமாட்டேங்கறார்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா?"

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். பேரிக்காய் வெட்டிக் கொடுத்தார்கள். வெயில் முதுகில் விழுந்தது. யாரும் எங்கேயும் ஓடவில்லை, யாரும் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மன்னஸ் தன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து இழுத்து இழுத்து எதையோ பாடினார். சாப்பிட்டுவிட்டு ரெஸ்லா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சிக்கெடுத்துவிட்டாள். அம்மா செத்ததிலிருந்து அவள் தலையில் இன்னொருவர் கை பட்டதில்லை. அந்த நாள் நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மோசமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும், கடைசி அடியின் அதிர்வு காற்றில் அடங்குவதற்குள், "இனிமே நீ அங்கே போகக்கூடாது" என்றாள்.

"ஏன்? உன்னை நல்லாத்தானே கவனிச்சாங்க?"

"போகக்கூடாதுன்னா போகக்கூடாது."

"பதினோரு வீடு குளிர்ல கிடக்கும், ஒட்டிலியா."

"நம்ம வீடு கிடக்கலையா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். அது நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவள் எதைச் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை, அவளுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் ஹார்ட்விக் என்கிற புதிய பள்ளிக்கூட வாத்தியார் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். இளைஞர், சட்டைக் காலரில் ஒரு சின்னம் குத்தியிருப்பார், நகரத்திலிருந்து வருகிற செய்தித்தாளைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் ஒட்டுவார். ஊர்க்காரர்களுக்கு என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வது அவருக்குப் பிடிக்கும். ஊருக்குக் குறைகள் இருந்தன. ஆனால் அவை ஆலங்கட்டி மழை, கோமாரி என்று யார் பேரிலும் எழுத முடியாத குறைகள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒட்டிலியா முட்டை கொடுக்கப் போனபோது அவளையும் கேட்டார்.

அவள் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே சொன்னாள். "என் புருஷனோட நாளை அவங்க எடுத்துக்கறாங்க, வாத்தியாரே."

"யாரு?"

"சந்துல இருக்கறவங்க. வாரம் ஒரு நாள். நாள்னா வானத்துலேருந்தா கொட்டும்? எங்கேயிருந்தோ எடுத்தாத்தானே வரும்?"

ஹார்ட்விக் பேனாவை எடுத்து அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'என் புருஷனோட' என்கிற சொற்களை அடித்துவிட்டு, மேலே 'நம்முடைய' என்று எழுதினார்.

அது போதுமானதாக இருந்தது. வாரத்துக்கு எட்டு நாள் ஒருவனிடம் இருந்தால் இன்னொருவனிடம் ஆறுதான் இருக்கும் என்று அவர் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கழித்துக் காட்டினார், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பெரியவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். ஆமாம், வைக்கோல் உலர்வதற்குள் வாரம் முடிந்துவிடுகிறது. ஆமாம், கோடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆமாம், நேற்றுதான் கல்யாணம் ஆனதுபோல இருக்கிறது, அதற்குள் பல் ஆடுகிறது. ஒவ்வொருவருக்கும் தன் நாட்கள் எங்கே போயின என்று திடீரென்று தெரிந்துவிட்டது. பெரிய போரில் பத்தொன்பது வயது மகனைப் பறிகொடுத்த ஆலைக்காரி, போர் முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகுதான் அந்த நாள் வந்தது என்பதை மறந்துவிட்டு, கிணற்றடியில் நின்று சந்தைப் பார்த்துக் கத்தினாள்: "என் பிள்ளையோட அம்பது வருஷத்தை யார் வீட்டுல வச்சு அனுபவிக்கறீங்க? வெளியே கொண்டாங்க!" லேப்பின் வைக்கோல் பரணில் தூங்கியவர்களும் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். ரெஸ்லா அன்றைக்குக் குடத்தை நிரப்பாமல் திரும்பிப் போனாள்.

ஒட்டிலியா அதைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். தன் வாயிலிருந்து போனது ஊர் வாய்க்குள் போய் இவ்வளவு பெரிதாகத் திரும்பி வந்ததில் அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், கூச்சப்படாமல் சொல்ல வேண்டுமானால், ஒரு சுகமும் இருந்தது. அவளுக்கு மட்டும் வலித்துக்கொண்டிருந்தது இப்போது எல்லோருக்கும் வலித்தது.

பிறகு நடந்தவை வருஷக்கணக்கில் நடந்தன. லேப்பிடம் மாடு வாங்குவதை நிறுத்தினார்கள். சந்து முனையில் 'யூதர்கள் இங்கே வேண்டாம்' என்று பலகை வைத்தார்கள். ஜெபக்கூடத்து ஜன்னல்கள் ஒரு பட்டப்பகலில் உடைந்தன. கப்பலுக்குச் சீட்டுக் கிடைத்தவர்கள் போனார்கள். பதினோரு வீடு ஒன்பதாகி, ஒன்பது ஆறானது. சட்டம் வந்து வெண்டலினை அந்த வீடுகளுக்குள் போகக்கூடாது என்றது, அவன் போனான், கழுத்தில் அட்டை மாட்டி ஊரைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்தார்கள், இரண்டு வாரம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்த முதல் சனிக்கிழமை அவன் சந்தின் பின்சுவரில் ஏறிக் குதித்துப் போனான். ஆறு வீடுகளுக்கும் நாள் மட்டும் குறையாமல் முழுசாக வந்துகொண்டிருந்தது. ஒட்டிலியா கொட்டகையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்காக நீ அட்டை மாட்டிக்கொள்வாயா, எனக்காகச் சுவரேறிக் குதிப்பாயா என்று கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்டதில்லை.

பதிமூன்றாவது வருஷத்தில், நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், நகரத்திலிருந்து சீருடைக்காரர்கள் இரண்டு லாரிகளில் வந்து சந்தின் இரண்டு பக்கத்தையும் அடைத்தார்கள். ஊர் முழுக்கக் கிணற்றடியில் கூடியது. ஒட்டிலியாவும் போனாள், கூட்டம் தள்ளியதில் முன்வரிசைக்கு வந்து, சந்து தொடங்குகிற கல்லின் மேல் கால் விரல் படுகிற இடத்தில் நின்றாள். ஆறு வீட்டுக்காரர்களையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினார்கள். வந்தார்கள், கலைந்த தலையும் பாதி போட்ட கோட்டுமாக. அவர்களுக்கு நடுவில், ரெஸ்லாவின் பக்கத்தில், வெண்டலின் நின்றான்.

"வெண்டலின், நீ வெளியே வா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்பதுபோலக் காட்டினான்.

மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. சந்தில் இருந்தவர்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் இப்போது தலை வாரியிருந்தார்கள், முகம் கழுவியிருந்தார்கள், பெண்கள் நல்ல உடை உடுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது. வாசல்கள் பெருக்கியிருந்தன, ஜன்னல் கண்ணாடிகள் துடைத்திருந்தன, ரெஸ்லா வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. வெண்டலினின் கன்னத்தில் நரைத்த ஒரு நாள் தாடி முளைத்திருந்தது. அவன் கண்கள் வீங்கியிருந்தன.

அவர்கள் வரிசையாக லாரிக்கு நடந்தார்கள். வெண்டலினும் அவர்களோடு நடந்து, ஏணிப்படியில் கால் வைத்தான். சீருடைக்காரன் பட்டியலைப் பார்த்துவிட்டு அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மறுபடி ஏறினான், மறுபடி தள்ளினார்கள். லாரி போன பிறகு கொஞ்ச நேரம் சாலையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தான். அவள் சூப்பை எடுத்து வைத்தாள். சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஊரே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு காலியான சந்துக்குள் போனது. சாராயப் பீப்பாய் வந்தது, வறுத்த பன்றி இறைச்சி வந்தது. ஒரு நாள் முழுக்க இருக்கப்போகிறோம் என்று கம்பளிகளையும் சீட்டுக்கட்டுகளையும் கொண்டுவந்திருந்தார்கள். ஹார்ட்விக் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். மூன்றாவது அடி விழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். நாலு, ஐந்து, ஆறு என்று மணி அடித்து முடிந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, தூறல் போட்டது. மூன்று வாரம் இப்படிப் பார்த்தார்கள். பிறகு, "போகும்போது கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, பாத்தீங்களா" என்று ஆலைக்காரி சொன்னாள், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வந்ததற்கு வீடுகளையாவது எடுத்துக்கொள்வோம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெண்டலின் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அவளோடு இருந்தான். ஓடு மாற்றினான், விறகு பிளந்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் பக்கத்தில் நடந்து வந்தான், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இப்போது அவனுடைய எல்லா நாட்களும் அவளிடம்தான் இருந்தன. ஆனால் அந்தக் கடைசி நாள் ஒன்று அவளிடம் இல்லை. அதில் என்ன நடந்தது என்று முதல் வருஷம் கேட்டாள், ஐந்தாவது வருஷம் கேட்டாள், அவன் கண் தெரியாமல் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாள். "சுத்தம் பண்ணினோம்" என்பான். அதற்கு மேல் எதுவும் வராது. செத்தவர்கள் மேலும் ஒருத்திக்கு எரிச்சல் வரமுடியும் என்பதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அவன் போனபோது அவள் அழவில்லை. மூடிய அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் செத்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு கோடை மத்தியானம், வாடகைக் கார் ஒன்று அவள் வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். முடி நன்றாக நரைத்திருந்தது.

"வெண்டலின் இருக்காரா? நான் யெட்டா. லேப்போட மகள்."

"அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு," என்றாள் ஒட்டிலியா.

யெட்டா நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க. பார்த்துக்கொண்டிருந்த ஒட்டிலியாவுக்கு முதலில் வந்தது அந்தப் பழைய முள்தான். தனக்கு வராத அழுகை இவளுக்கு எப்படி வருகிறது? பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். யெட்டா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். லாரியில் போனவர்களில் திரும்பியது அவள் ஒருத்திதான். காகிதத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது, உடம்பில் பதினான்கு. அந்த உயரத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் அவளை வேலை செய்கிறவர்கள் பக்கம் தள்ளினார்கள். "அந்த நாளெல்லாம் சேர்ந்துதான் என்னை வளர்த்து வச்சிருந்துது," என்றாள். அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஒட்டிலியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி நாள்ல என்ன செஞ்சீங்க? அவர் எங்கிட்ட சொல்லவே இல்லை."

"காலையில அடுப்பு மூட்டினார். அப்புறம் ஆறு வீட்டுக்கும் போனார். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டார்."

"எதுக்கு?"

"'என் வீட்டிலேருந்து போன ஒரு வார்த்தைக்கு'ன்னு சொன்னார்."

பத்தொன்பது வருஷம். அவன் பிளந்த விறகு, அவன் கழுவி வைத்த தட்டு, கோயிலுக்கு அவள் பக்கத்தில் நடந்து வந்த அவன் பூட்ஸ் சத்தம்.

"மன்னஸ் மன்னிப்புக் குடுத்தார்," என்றாள் யெட்டா. "அப்பா எழுந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். இன்னும் மூணு வீட்டுல குடுத்தாங்க, ஒரு வீட்டுல முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அம்மா குடுக்கலை. 'வார்த்தையைச் சொன்னவ வரட்டும், அவகிட்ட குடுக்கறேன்'னு சொன்னா. கதவைத் திறந்து வச்சா. நாள் பூரா திறந்தே இருந்துது, வீடெல்லாம் குளிர்."

"நான் வெளியே இல்லே நின்னேன்," என்றாள் ஒட்டிலியா. "எனக்கு அது மணி அடிக்கிற நேரம்தானே."

"தெரியும். முன்வரிசையில நின்னீங்க. சிலை மாதிரி. அம்மாவும் நானும் பக்கத்துல வந்து பார்த்தோம். உங்க கால் விரல் அந்தக் கல்லு மேலதான் இருந்துது. அம்மா உங்க முகத்துக்கு நேரா நின்னு, 'ஒரு அடிதான் ஒட்டிலியா, உள்ளே வா'ன்னா. உங்களுக்குக் கேக்காதுன்னு அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னா."

"என் முகம் எப்படி இருந்துது?"

யெட்டா கொஞ்சம் யோசித்தாள். இரக்கத்தினால் அல்ல, சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக யோசித்தாள்.

"நாங்க யாரும் உங்க கண்ணுல இல்லை," என்றாள். "நீங்க அவர் நின்ன இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. அவர் அங்கேயிருந்து நகர்ந்து போய் ரொம்ப நேரமாச்சு. வெறும் இடத்தைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

கார் போன பிறகு ஒட்டிலியா யெட்டா தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கதவைச் சாத்தாமல் வெளியே வந்து, கிணற்றடியைத் தாண்டி, அந்தக் கல்லைத் தாண்டிச் சந்துக்குள் நடந்தாள். அங்கே சாதாரணமான ஒரு புதன்கிழமை மத்தியானம் இருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஆலைக்காரியின் பேத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரெஸ்லா."

"அப்படி யாரும் இங்கே இல்லையே."

"இருந்தா. இது அவ வீடு," என்றாள் ஒட்டிலியா. "அவ எதையும் யார்கிட்டேருந்தும் எடுக்கலை. எடுத்தாள்னு சொன்னது நான்."

அந்தப் பெண் ஈரத்துணியைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டிலியா அந்த வாசலில் சற்று நேரம் நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.